போன் சார்ஜ் ஆகிறது, குரோம் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் மட்டும் வரவில்லை

புதுநிரல் (கேள்வி):

வணக்கம். மொபைலில் மட்டும் தகராறு செய்யும் ஒரு வலைப்பக்கத்தை லேப்டாப் குரோமின் டெவ்டூல்ஸில் (பக்கத்தின் உள்ளே பார்த்துப் பிழை தேடும் கருவிகள்) திறந்து பார்க்க வேண்டும். கேபிள் போட்டாயிற்று, குரோம் போனைக் கண்டுகொள்ளவில்லை.

லேப்டாப் உபுண்டு 22.04. போன் சாம்சங், ஆண்ட்ராய்டு 14. பில்ட் நம்பரை 7 முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, யூஎஸ்பி டிபக்கிங்கை ஆன் செய்திருக்கிறேன். இணைந்த போன்களைக் காட்டும் குரோம் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் ‘டிஸ்கவர் யூஎஸ்பி டிவைசஸ்’ டிக் இருக்கிறது, கீழே பட்டியல் காலி.

டெர்மினலில், ஆண்ட்ராய்டு போனோடு பேசும் ஏடிபி நிரலுக்கு ‘ஏடிபி டிவைசஸ்’ கொடுத்தால் சீரியல் எண்ணுக்குப் பக்கத்தில் ‘நோ பெர்மிஷன்ஸ்’ என்று வருகிறது. ஏடிபி சர்வரை நிறுத்திவிட்டு ‘சூடோ’ (நிர்வாகி உரிமை) சேர்த்துக் கொடுத்தால் அது ‘அன்ஆதரைஸ்டு’ ஆகிறது. ஆனால் போனில் அனுமதி கேட்கும் பெட்டி எதுவும் வரவில்லை. கேபிளா, போனா, உபுண்டுவா, எங்கிருந்து தொடங்குவது?

கூடவே ஒன்று: பக்கம் லேப்டாப்பில் வீட் (Vite) என்ற டெவலப்மென்ட் சர்வரில், போர்ட் 5173இல் ஓடுகிறது. போனில் வைஃபை வழியாக லேப்டாப்பின் ஐபி முகவரியைக் கொடுத்துத் திறந்தால் பக்கம் வருகிறது, சர்வீஸ் வொர்க்கர் (பக்கத்துக்குப் பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட்) மட்டும் பதிவாகவில்லை. டெவ்டூல்ஸைத் தேடுவதே இதற்காகத்தான்.

கம்பிச்சுருள்:

கேபிளை விட்டுவிடுங்கள். சீரியல் எண் தெரிகிறது என்றாலே டேட்டா போய் வருகிறது. சார்ஜுக்கு மட்டுமான கேபிளில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிதான் இருக்கும், டேட்டாவுக்கான இரண்டும் இருக்காது. அப்படிப்பட்ட கேபிளாக இருந்தால் யூஎஸ்பி சாதனங்களைக் காட்டும் ‘எல்எஸ்யூஎஸ்பி’ பட்டியலில் போனே வந்திருக்காது.

சிக்கல் உபுண்டுவில். யூஎஸ்பி சாதனத்தைத் திறக்க உங்கள் பயனர் கணக்குக்கு உரிமை இல்லை, அதைத்தான் ‘நோ பெர்மிஷன்ஸ்’ சொல்கிறது. எந்தச் சாதனத்தை யார் திறக்கலாம் என்று சொல்லும் யூடெவ் விதிகள் வேண்டும். கையால் எழுதத் தேவையில்லை, ‘ஆண்ட்ராய்டு-எஸ்டிகே-பிளாட்ஃபார்ம்-டூல்ஸ்-காமன்’ என்ற பேக்கேஜை ஆப்டில் நிறுவினால் பெரும்பாலான நிறுவனங்களின் எண்கள் அதிலேயே வந்துவிடும். சாம்சங்கின் வெண்டர் எண் 04e8. பிறகு ‘பிளக்டெவ்’ குழுவில் உங்கள் கணக்கைச் சேர்த்து, ஒருமுறை லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். லாக்அவுட் செய்யாவிட்டால் குழு மாற்றம் நடப்புக்கு வராது. பலர் இந்த இடத்தில்தான் ‘சேர்த்தும் வேலை செய்யவில்லை’ என்று நிற்கிறார்கள்.

சூடோவை மட்டும் இனி தொடாதீர்கள். ஏடிபி என்பது பின்னணியில் போர்ட் 5037இல் ஓடும் ஒரு சர்வர். சூடோவோடு தொடங்கினால் அது ரூட் (நிர்வாகி) கணக்கில் ஓடும், அடையாளம் காட்ட ரூட்டின் சாவிக் கோப்பைத்தான் போனிடம் நீட்டும். அடுத்து நீங்கள் சாதாரணமாக ஏடிபி கொடுத்தாலும் அதே ரூட் சர்வரோடுதான் பேசுவீர்கள். உங்கள் சாவி வேறு, உங்கள் ஹோம் அடைவில் இருக்கிறது. இப்படி இரண்டு சாவியை மாற்றி மாற்றிக் காட்டினால் எதற்கு அனுமதி கொடுத்தோம் என்பதே குழம்பிவிடும்.

செய்ய வேண்டிய வரிசை: ‘சூடோ ஏடிபி கில்-சர்வர்’. கேபிளைப் பிடுங்குங்கள். குரோமை முழுதாக மூடுங்கள். போனில் ‘ரிவோக் யூஎஸ்பி டிபக்கிங் ஆதரைசேஷன்ஸ்’ அழுத்தி, யூஎஸ்பி டிபக்கிங்கை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். சூடோ இல்லாமல் ‘ஏடிபி ஸ்டார்ட்-சர்வர்’. போனின் லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைச் செருகுங்கள். பெட்டி வரும். ‘எப்போதும் அனுமதி’ டிக் போட்டு ஒப்புக்கொள்ளுங்கள். ‘ஏடிபி டிவைசஸ்’ இப்போது ‘டிவைஸ்’ என்று சொல்ல வேண்டும். அதன் பிறகே குரோமைத் திறங்கள். குரோமுக்குத் தனியாக யூஎஸ்பியைப் பிடிக்கத் தெரியும். ஒரு யூஎஸ்பி இடைமுகத்தை ஒரே நேரத்தில் ஒரு நிரல்தான் பிடிக்க முடியும் என்பதால், ஏடிபிக்கு முதல் உரிமை கொடுப்பது நல்லது.

தறிநாடா:

மேலே சொன்னதோடு ஒரு சிறு சேர்க்கை. பெட்டி அப்போதும் வரவில்லை என்றால் நோட்டிஃபிகேஷனை இழுத்து யூஎஸ்பி பயன்முறையைப் பாருங்கள். ‘சார்ஜிங் மட்டும்’ என்று இருந்தால் ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ ஆக்குங்கள். சில போன்களில் அது இல்லாமல் டிபக்கிங் எழுந்திருக்காது.

வேறு சாம்சங்காரர்கள் இதைப் படித்தால்: யூஎஸ்பி டிபக்கிங் பொத்தான் மங்கலாக, தொடவே முடியாமல் இருந்தால் செக்யூரிட்டி பகுதியில் ‘ஆட்டோ பிளாக்கர்’ ஆன் ஆகியிருக்கும். வேலை முடியும்வரை அதை ஆஃப் செய்ய வேண்டும். முடிந்ததும் மறக்காமல் ஆன் செய்துவிடுங்கள், அது நல்ல பாதுகாப்பு.

புதுநிரல்:

இருவருக்கும் நன்றி. யூடெவ் பேக்கேஜ் போட்டு, லாக்அவுட் செய்து, அதே வரிசையில் செய்தேன். பெட்டி வந்தது, ‘டிவைஸ்’ என்று காட்டுகிறது. இன்ஸ்பெக்ட் பக்கத்தில் போன் பெயரும் திறந்திருக்கும் டேப்களும் வரிசையாக வருகின்றன.

ஆனால் ‘இன்ஸ்பெக்ட்’ அழுத்தினால் வரும் ஜன்னல் வெறும் வெள்ளையாக நிற்கிறது. போன் பெயருக்கு அருகே, போனில் இருக்கும் பிரவுசர் லேப்டாப்பில் இருப்பதைவிடப் புதியது என்று ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது.

கருப்புத்திரை:

இணைப்பு சரியாகிவிட்டது. வெள்ளை ஜன்னல் வேறு பிரச்சினை. போன் குரோமின் பதிப்புக்கு ஏற்ற டெவ்டூல்ஸ் திரையை லேப்டாப் குரோம் இணையத்திலிருந்து, கூகுளின் ஆப்ஸ்பாட் முகவரி ஒன்றிலிருந்து, இறக்குகிறது. ஆகவே லேப்டாப்பில் இணையம் இல்லாவிட்டாலோ, அலுவலக பிராக்ஸி அந்த முகவரியைத் தடுத்தாலோ வெள்ளைத் திரையோ ‘404’ஓ வரும். கேபிள்தானே, இணையம் எதற்கு என்று தோன்றும். அது தேவை.

உடனடி வழி: அதே வரியில் ‘இன்ஸ்பெக்ட் ஃபால்பேக்’ என்ற இணைப்பு இருக்கும், அதை அழுத்துங்கள். லேப்டாப் குரோமுக்குள்ளேயே இருக்கும் டெவ்டூல்ஸ் திறக்கும். பதிப்பு இடைவெளி பெரிதாக இருந்தால் சில பேனல்கள் சரியாக நடக்காது, கன்சோலும் எலமென்ட்ஸும் பொதுவாகப் போதும். நிரந்தர வழி லேப்டாப் குரோமை அப்டேட் செய்வது.

கோளாறு போன் பக்கமா, டெவ்டூல்ஸ் திரையா என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை: ‘ஏடிபி ஃபார்வர்ட் டிசிபி:9222 லோக்கல்ஆப்ஸ்ட்ராக்ட்:குரோம்_டெவ்டூல்ஸ்_ரிமோட்’ கொடுத்துவிட்டு, லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்ட் (திறக்கும் கருவி தன்னையே குறிக்கும் முகவரி) 9222இன் ‘/ஜேசன்/வெர்ஷன்’ பக்கத்தைத் திறங்கள். போன் குரோமின் பதிப்பு எண்ணோடு ஜேசன் தரவு வந்தால் போன் பக்கம் முழுதும் நலம்.

டெவ்டூல்ஸ் பாதியில் அறுந்தால் போன் திரை அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘ஸ்டே அவேக்’ ஆன் செய்தால் சார்ஜில் இருக்கும்வரை திரை அணையாது.

தறிநாடா:

சர்வீஸ் வொர்க்கருக்கு வருகிறேன். அதற்கு டெவ்டூல்ஸே தேவையில்லை, காரணம் இங்கிருந்தே தெரிகிறது. சர்வீஸ் வொர்க்கர் எச்டிடிபிஎஸ்ஸில் அல்லது லோக்கல்ஹோஸ்ட்டில்தான் கிடைக்கும். 192.168 என்று தொடங்கும் முகவரியை வெறும் எச்டிடிபியில் திறந்தால் அது பாதுகாப்பான சூழல் அல்ல, ‘நேவிகேட்டர்’ பொருளில் ‘சர்வீஸ்வொர்க்கர்’ என்ற உறுப்பே இருக்காது. கேமராவும் இருப்பிடமும் இதே காரணத்தால் மறுக்கப்படும்.

வைஃபையை விடுங்கள். ‘ஏடிபி ரிவர்ஸ் டிசிபி:5173 டிசிபி:5173’ கொடுங்கள். போன் குரோமில் லோக்கல்ஹோஸ்ட்:5173 திறந்தால் கோரிக்கை கேபிள் வழியே லேப்டாப் சர்வருக்கு வந்துசேரும், வீட் சர்வரின் வெப்சாக்கெட்டும் (மாற்றங்களை உடனுக்குடன் பக்கத்துக்குச் சொல்லும் இணைப்பு) அதே போர்ட்டில் போகும். இன்ஸ்பெக்ட் பக்கத்தின் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ பொத்தானும் இதே வேலையைச் செய்யும். அதற்கு அந்தப் பக்கம் திறந்தே இருக்க வேண்டும் என்பதால் எனக்கு ஏடிபிதான் பிடிக்கும்.

கவனம் இரண்டு. கேபிளைப் பிடுங்கினால் ரிவர்ஸ் போய்விடும், மறுபடி கொடுக்க வேண்டும். வைஃபைக்காகக் கொடுத்த ஹோஸ்ட் அமைப்பை எடுத்துவிட்டால் வீட் சர்வர் சில நேரம் ஐபிவி6 முகவரியில் மட்டும் காத்திருக்கும், அப்போது இணைப்பு மறுக்கப்படலாம். சர்வர்கள் எந்த முகவரியில் காத்திருக்கின்றன என்று காட்டும் ‘எஸ்எஸ் -எல்டிஎன்’ கொடுத்துப் பாருங்கள். அப்படி இருந்தால் வீட் சர்வரை 127.0.0.1 (ஐபிவி4 லோக்கல்ஹோஸ்ட்) ஹோஸ்டில் ஓடச் செய்யுங்கள்.

புதுநிரல்:

ஃபால்பேக் திறந்தது. வைஃபைக்கான ஹோஸ்ட் அமைப்பை எடுத்துவிட்டு ரிவர்ஸ் கொடுத்தும் முதலில் இணைப்பு மறுக்கப்பட்டது. எஸ்எஸ்ஸில் பார்த்தால் ஐபிவி6 மட்டும்தான். 127.0.0.1 கொடுத்ததும் பக்கம் வந்தது, சர்வீஸ் வொர்க்கரும் பதிவாகிவிட்டது. குரோமை அப்டேட் செய்தபின் சாதாரண ‘இன்ஸ்பெக்ட்’டும் திறக்கிறது.

கேபிள் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா? போனைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கும்போது கேபிள் இடைஞ்சல்.

கம்பிச்சுருள்:

முடியும். ஆண்ட்ராய்டு 11 முதல் ‘வயர்லெஸ் டிபக்கிங்’ இருக்கிறது. லேப்டாப்பில் பிளாட்ஃபார்ம் டூல்ஸ் 30 அல்லது அதற்கு மேல் வேண்டும், ‘ஏடிபி வெர்ஷன்’ கொடுத்துப் பாருங்கள், பழையதில் ‘பேர்’ (pair, இணைசேர்த்தல்) கட்டளையே இல்லை. போனில் ‘பேர் டிவைஸ் வித் பேரிங் கோடு’ அழுத்தினால் 6 இலக்க எண்ணும் ஐபியும் ஒரு போர்ட்டும் வரும். அந்த போர்ட்டோடு ‘ஏடிபி பேர்’. அடுத்து ‘ஏடிபி கனெக்ட்’, இதற்கு போர்ட் வேறு. பேரிங் பெட்டியில் இருப்பதைக் கொடுக்கக் கூடாது, வயர்லெஸ் டிபக்கிங் முதல் திரையில் இருப்பதைக் கொடுக்க வேண்டும். பத்தில் ஒன்பது பேர் தடுக்கி விழும் இடம் இது. ரிவர்ஸ் இதிலும் வேலை செய்யும்.

இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தும் ‘கனெக்ட்’ நின்றுபோனால் ரவுட்டரில் கிளையன்ட் ஐசொலேஷன் (சாதனங்களை ஒன்றோடொன்று பேசவிடாத அமைப்பு) இருக்கும். கெஸ்ட் வைஃபையில் இது சகஜம். பொது வைஃபையில் மட்டும் இதை வைத்துக்கொள்ளாதீர்கள், அங்கே கேபிளே போதும்.

இன்னொன்று: ஒரு வாரம் இந்த லேப்டாப்போடு இணைக்காமல் விட்டால் போன் அனுமதியை மறந்துவிடும். ஆண்ட்ராய்டு 11 முதல் 7 நாள் கெடு உண்டு. மறுபடி ‘அன்ஆதரைஸ்டு’ வந்தால் பதறாதீர்கள், பெட்டியில் ஒருமுறை ஒப்புக்கொண்டால் போதும்.