ஒட்டுப்பலகை ஓவியங்களிலிருந்து கருமணல் உதிர்கிறது

வணக்கம். நானும் என் தோழியும் திருகோணமலையில் தை மாத இறுதியில் அரூப ஓவியக் காட்சியொன்றை இணைந்து வைக்கவிருக்கிறோம். இருவரின் படைப்புகளிலும் பதித்த மணல் இப்போது உதிர்ந்துகொண்டிருக்கிறது.

செய்முறை இதுதான்: 9 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில் ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சு, அதன்மேல் அக்ரிலிக், பழைய மீன்வலைத் துண்டுகள், இறுதியாக மரவேலைக்குரிய பி.வி.ஏ. வெள்ளைப் பசையில் பதித்த புல்மோட்டைக் கடற்கரைக் கருமணல். மணலை நல்ல தண்ணீரில் பலமுறை கழுவியே பயன்படுத்தியதால் உப்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆவணியில் முடித்த படைப்புகள் புரட்டாதி வரை இறுகியிருந்தன. ஐப்பசியில் வாடை மழை பிடித்ததும் பசை ஈரம் உறிஞ்சி இளகியது. இல்மனைட் என்னும் கனமான கருங்கனிமம் நிறைந்த இம்மணல் சாதாரண மணலைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு அடர்த்தியானது என்பதால், பலகையை நிமிர்த்தியதும் தன் பாரத்திலேயே சரிகிறது. தடித்த படலத்தை விரும்பும் தோழியின் படைப்புகளிலேயே சேதம் அதிகம்.

மின்விசிறிக் காற்று பயன் தரவில்லை. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் பொலித்தீனில் சுற்றிவைத்தால் இறுகுகிறது, வெளியே எடுத்தால் மீண்டும் இளகுகிறது. காட்சி மண்டபத்திலோ குளிரூட்டி இல்லை. தெளிப்பு வார்னிஷ் ஈரக்காற்றில் பால்போல் வெளுத்தது. நீர் கலந்த அக்ரிலிக் மீடியத்தை (நிறமி சேராத அக்ரிலிக் கலவை) ஒரு மூலையில் இட்டபோது மணல் பிடித்தது, ஆனால் கருமணலுக்கே உரிய மங்கிய உலோக மினுக்கம் போய்விட்டது. அந்த மினுக்கத்துக்காகவே இம்மணலைத் தேர்ந்தோம்.

படலத்தைச் சுரண்டி எடுக்காமல், மினுக்கத்தையும் மாற்றாமல் மணலை இறுக்குவதற்கு, அசிற்றோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 போன்ற பிசினை இந்த ஈரப்பதத்தில் யாராவது பயன்படுத்தியிருந்தால், எந்த விகிதத்தில், எவ்வாறு இட்டீர்கள்?