புது கம்ப்யூட்டர்: ஒரு ரேம் போட்டா ஓடுது, ரெண்டும் போட்டா கறுப்புத் திரை. ரேம் போயிடுச்சா?

புதுக்கை:
எல்லாருக்கும் வணக்கம். வாழ்க்கையில முதல் தடவையா பாகம் பாகமா வாங்கி நானே கோத்த கம்ப்யூட்டர். ஆறு நாள் ஆச்சு, ஒழுங்கா தூங்கி அஞ்சு நாள் ஆச்சு.

ஏஎம்டி ரைசன் 5 7600 சிபியு, பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் ரெண்டு (ஒரே பெட்டியில ஜோடியா வந்தது, 6000 வேகம்), 650 வாட் பவர் சப்ளை. கிராபிக்ஸ் கார்டு இன்னும் வாங்கல, மானிட்டர் மதர்போர்டுலயே சொருகியிருக்கு.

முதல் ரெண்டு நாள் விண்டோஸ் ஏறி, 32 ஜிபியும் காட்டுச்சு. ஆனா பெரிய ஜிப் ஃபைல் எதையாவது பிரிச்சா நீலத்திரை, ‘மெமரி மேனேஜ்மென்ட்’னு. மூணாம் நாள் 16 ஜிபிதான் காட்டுச்சு. இப்ப ஃபேன் சுத்துது, திரை வரல, போர்டு ஓரத்துல ‘டிரேம்’னு எழுதியிருக்கிற இடத்துல மஞ்சள் விளக்கு அணையாம எரியுது. ஒரு ரேமைக் கழட்டிட்டா எல்லாம் சரி. ஜோடியில எது கெட்டதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மின்மினி:
அந்த விளக்கு எரியறப்போ எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்த்தீங்க? உங்களது ஏஎம்5 போர்டு (ஏஎம்5ங்கறது உங்க சிபியு உக்காரற சாக்கெட் வகை). அதுல ரேமை மாத்தினா அடுத்த தடவை அது மெமரி டிரெய்னிங் பண்ணும், அதாவது புது ரேமோட ஒத்துப் போகற அளவுகளைத் தானே தேடிப் பார்க்கும். அஞ்சு பத்து நிமிஷம்கூட கறுப்பாவே நிக்கும், பயந்து அணைச்சா மறுபடி முதல்லேர்ந்து. பயாஸ்ல எக்ஸ்போ (ரேமை அட்டையில போட்டிருக்கற வேகத்துக்கு ஏத்தற செட்டிங்) போட்டிருந்தா அதையும் எடுத்துடுங்க. 6000ங்கறது அட்டையில போட்டிருக்கற வேகம், 7600க்கு ஏஎம்டி உத்தரவாதம் தர்றது 5200 வரைக்கும்தான்.

புதுக்கை:
ஒரு நிமிஷத்துல அணைச்சுட்டு இருந்தேன், உண்மை. இப்ப பயாஸ் செட்டிங்கை எல்லாம் அழிச்சு பழைய நிலைக்குக் கொண்டுவந்து, ரெண்டு ரேமும் போட்டு, 25 நிமிஷம் விட்டுப் பார்த்தேன். அதே மஞ்சள் விளக்கு.

திருப்புளி:
ரேம்தான் ப்ரோ. ஜோடியைத் திருப்பி அனுப்பி வேற வாங்குங்க, முடிஞ்சது.

பழையபலகை:
அவசரப்பட வேண்டாம் தம்பி. ரேமைத் திருப்பி அனுப்பி, புதுசு வந்து, அதுவும் ஓடாமல் போனால் இரண்டு வாரம் வீண். கோளாறு ரேமோடு நகர்கிறதா, இடத்திலேயே நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ரேமில் 1, 2 என்று பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். சிபியுவிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட் ஏ2, நான்காவது பி2. 1ஆம் ரேமை மட்டும் ஏ2-வில் போட்டுப் பாருங்கள், பிறகு பி2-வில். அதேபோல 2ஆம் ரேம். ஒவ்வொரு முறையும் பவர் சப்ளை ஒயரை உருவி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கடைசியாக மூன்றாவது ஸ்லாட்டான பி1-லும் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பொறுமையாக, தடவைக்குப் பத்து நிமிடம்.

புதுக்கை:
சாயங்காலம் பூரா இதே வேலை அண்ணா.

ஏ2-வில் 1: ஓடுது
ஏ2-வில் 2: ஓடுது
பி2-வில் 1: மஞ்சள் விளக்கு
பி2-வில் 2: மஞ்சள் விளக்கு
பி1-லயும் அதே கதை.

ஏ2-வில இருக்கறப்போ ரெண்டையும் தனித்தனியா மெம்டெஸ்ட்86 (ரேமைச் சோதிக்கற புரோகிராம்) ஓட்டினேன், ஒரு பிழையும் இல்ல.

பழையபலகை:
அப்படியானால் இரண்டு ரேமும் நிரபராதி. ஸ்லாட்டும் அநேகமாக இல்லை, ஏனென்றால் பி1, பி2 இரண்டும் ஒரே நாளில் சாவது அபூர்வம். செத்திருப்பது பி சேனல் முழுவதும், அதாவது பி1, பி2 இரண்டுக்கும் பொதுவான வழி. ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் இருப்பது சிபியுவுக்குள். அங்கிருந்து சிபியு உட்காரும் சாக்கெட்டின் பின்கள், போர்டின் கோடுகள், ஸ்லாட் என்று வழி போகிறது. அந்த வழியில் எங்கோ அறுபட்டிருக்கிறது. கூலரின் ஒரு பக்க ஸ்க்ரூவை மட்டும் அதிகம் முறுக்கினாலும் சிபியு சாய்ந்து இப்படி ஆகும். ஆகவே கூலரைக் கழற்றிச் சாக்கெட்டைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவில் உள்ள பேஸ்ட் இளகியதும் அணைத்து, இடம் வலம் திருகி எடுங்கள். நேராக இழுக்காதீர்கள். சாக்கெட்டுக்குள் விரலோ துணியோ படக்கூடாது.

புதுக்கை:
கழட்டிட்டேன். போன் டார்ச்சை மேலேர்ந்து அடிச்சப்போ எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது. டார்ச்சைக் கீழ இறக்கிப் பக்கவாட்டுல அடிச்சேன், அப்பதான் மாட்டுச்சு. நாத்து நட்ட மாதிரி வரிசை வரிசையா எல்லாப் பின்னோட நுனியும் மினுங்குது, ரேம் பக்க ஓரத்துல ஒரே ஒரு பின் மட்டும் மினுங்காம, பக்கத்துப் பின் மேல சாஞ்சு படுத்திருக்கு. நான்தான் சிபியு வைக்கறப்போ பண்ணிட்டேனா? வயிறு கலங்குது.

திருப்புளி:
ரேம்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா இது சின்ன வேலை ப்ரோ. மெல்லிசு ஊசி, பூதக்கண்ணாடி, கை நடுங்கக்கூடாது. நான் ரெண்டு போர்டுல நிமித்தியிருக்கேன்.

பழையபலகை:
மூன்றாவது போர்டு என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை பாருங்கள். மொத்தம் 1718 பின்கள், ஒன்றை நிமிர்த்தப் போய் பக்கத்தில் நான்கு சாய்வதைப் பார்த்திருக்கிறேன். ஊசி பட்ட தடம் தெரிந்தால் வாரண்டியும் போயிற்று.

தம்பி, சிபியு வைப்பதற்கு முன் ஏதாவது போட்டோ எடுத்தீர்களா?

திருப்புளி:
மூணாவது செத்துடுச்சு, ஒத்துக்கறேன்.

புதுக்கை:
அண்ணா!! எடுத்திருக்கேன். பிளாஸ்டிக் மூடியைக் கழட்டின உடனே, காலி சாக்கெட்டோட, அக்காவுக்கு அனுப்ப. இப்ப பெருசு பண்ணிப் பார்த்தா அதே இடத்துல அதே பின், அப்பவே படுத்திருக்கு. சிபியு இன்னும் அதோட பெட்டிக்குள்ளயே இருக்கு, போட்டோ ஓரத்துல அதுவும் விழுந்திருக்கு.

பழையபலகை:
பிறகென்ன, தொடாதீர்கள். மூடியைத் தேடி எடுத்துச் சாக்கெட் மேல் போடுங்கள். மூடி இல்லாமல் போனால் பல இடங்களில் போர்டை வாங்கவே மாட்டார்கள். பின் வளைந்ததை உடைசல் கணக்கில் எழுதி மறுப்பார்கள், எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். போட்டோவை வாட்ஸ்அப்பில் சுருக்காமல், எடுத்த தேதியும் நேரமும் உள்ள மூல ஃபைலாகவே அனுப்புங்கள். இன்றைய நிலையையும் அதே கோணத்தில் எடுத்துக் கூடவே வையுங்கள்.

மின்மினி:
ஒரு இடைச்செருகல்: முந்தின சாக்கெட்டான ஏஎம்4 வரைக்கும் சாதாரண டெஸ்க்டாப்புல பின் எல்லாம் சிபியு அடியில இருந்துச்சு, 2022ல ஏஎம்5 வந்தப்போதான் ஏஎம்டி அதைப் போர்டுக்கு மாத்துச்சு. அதனால நீங்க கேட்க வேண்டியது போர்டு வித்தவர்கிட்ட. சிபியு பத்திப் பேச்சே எடுக்காதீங்க, குழப்பிடுவாங்க.

புதுக்கை (12 நாள் கழிச்சு):
தாமதத்துக்கு மன்னிக்கணும். முதல் பதில் அண்ணா சொன்ன மாதிரியே, ‘வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்’. மூல போட்டோவை அனுப்பி, அந்தப் பின்னை வட்டம் போட்டுக் காட்டினேன். ரெண்டு நாள் சத்தமே இல்ல. அப்புறம் போர்டைக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க, வேற போர்டு வந்துடுச்சு.

இந்தத் தடவை பெட்டியைப் பிரிக்கறதையே வீடியோ எடுத்து, டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சு ஓரம் ஓரமா பார்த்துட்டுத்தான் சிபியு வெச்சேன். கூலர் ஸ்க்ரூவையும் மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா முறுக்கினேன். ரெண்டு ரேமும் போட்டு பட்டனை அழுத்தினா மறுபடி கறுப்புத் திரை, மஞ்சள் விளக்கு. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். நாலாவது நிமிஷம் பயாஸ் வந்துச்சு, 32 ஜிபி.

எக்ஸ்போ இல்லாம ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் நாலு சுத்து, எக்ஸ்போ போட்டு அடுத்த ராத்திரி நாலு சுத்து. ரெண்டுலயும் பிழை பூஜ்யம். நீலத்திரை வந்த அதே ஜிப் ஃபைலையும் பிரிச்சுப் பார்த்துட்டேன்.

பழையபலகை:
நல்லது. விண்டோஸை மட்டும் புதிதாக ஏற்றிவிடுங்கள். கெட்ட மெமரியோடு ஏறியது அது, எந்த ஃபைல் பழுதாகியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

புதுக்கை:
இன்னைக்கு ராத்திரி அதான் வேலை அண்ணா.