மாத்திரை எல்லாத்தையும் ஒழுங்கா போடுறாங்களான்னு எப்படி கண்டுபிடிக்கிறீங்க? உங்க அனுபவத்தை சொல்லுங்க

கிராமத்து நர்ஸ்:
மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா போறேன். "மாத்திரை போடுறீங்களா"ன்னு கேட்டா "தவறாம போடுறேன் கண்ணு"ன்னுதான் வரும், அதை நம்பி எழுதவே கூடாது. "எல்லாருக்கும் விட்டுப்போறதுதான், போன வாரம் உங்களுக்கு எது விட்டுப்போச்சு"ன்னு கேட்டுட்டு மாத்திரை அட்டையை எடுத்து வரச்சொல்வேன். ஒரு பாட்டிக்கு நாலு மாத்திரை, மூணு அட்டை கரெக்டா காலி, ஜிஹெச்ல எழுதின, யூரினை அடிக்கடி வரவைக்கிற நீர் மாத்திரை மட்டும் அப்படியே இருக்கு, கேட்டா நூறு நாள் வேலைக்குப் போற இடத்துல ஒதுங்க எடம் ஏதுங்கறாங்க. மொத்தமா எண்ணினா முக்கால்வாசி போட்டாச்சுன்னு வரும், ஆனா கால் வீக்கம் வத்தறது அந்த ஒண்ணுலதான இருக்கு! டாக்டர்கிட்ட சொல்லி வேலை முடிஞ்சு வந்து போடற மாதிரி நேரத்தை மாத்தினோம்.

மெடிக்கல்காரன்:
மாத்திரை தீர்ந்து திரும்ப வாங்கற ரீஃபில் தேதிய வச்சு, நூறு நாள்ல எத்தனை நாளைக்கு கைல மாத்திரை இருந்துச்சுன்னு ஒரு கணக்கு உண்டு, 80 சதவீதம் வந்தா பாஸ்ங்கறாங்க. நாலஞ்சு மாத்திரைன்னா தனித்தனியா பாத்து சராசரி எடுக்கலாம், இல்ல எல்லாமே கைல இருந்த நாளை மட்டும் எண்ணலாம், நர்ஸக்கா சொன்ன பாட்டி நீர் மாத்திரையை மட்டும் திரும்ப வாங்கலைன்னா முதல் கணக்குல முக்கால்வாசி மார்க் வாங்குவாங்க, ரெண்டாவதுல சுத்தமா ஃபெயில். நம்ம ஊர்ல அட்டையை வெட்டி நாலு மாத்திரை மட்டும் வாங்கறாங்க, பாதி ஜிஹெச்ல பாதி கடைலன்னு வாங்கறாங்க, இதுல எந்த பில்லை வச்சு கணக்கு போடறது?

டிபி யூனிட்ல இருந்தவன்:
எங்களுக்கு அந்த தொல்லை கம்மி, முதல் ரெண்டு மாசம் நாலு மருந்தும் ஒரே மாத்திரைக்குள்ள, விட்டா நாலும் சேர்ந்து போச்சு. அதுல ஒண்ணான ரிஃபாம்பிசின் போட்டா யூரின் ஆரஞ்சா போகும், ஆனா அது அன்னைக்கு போட்டதைத்தான் காட்டும், நேத்து கதை தெரியாது. மாத்திரை போட்டதை ஃபோன்ல பதிவு பண்ண 99டாட்ஸ்னு ஒரு முறை வச்சிருந்தோம், அட்டையைப் பிரிச்சா உள்ள ஒரு ஃபோன் நம்பர் தெரியும், அதுக்கு மிஸ்டு கால் குடுக்கணும், பிரிச்சு கால் குடுத்துட்டு முழுங்காம வச்சிருந்த ஆளையும் பாத்தேன்.

மாப்ள:
எங்க மாமனார் செக்கப்புக்கு நாலு நாள் முன்னாடிதான் பக்தியா மாத்திரை போடுவார், வெறும் வயித்துல எடுக்கற ஃபாஸ்டிங் சுகர் அழகா வந்துடும். இந்த தடவை டாக்டர் ஹெச்பிஏ1சி எழுதிட்டார், அது சுகரோட கிட்டத்தட்ட மூணு மாச சராசரிய காட்டிக்குடுக்கும், 9.4ன்னு எகிறி வந்துச்சு. அதுலயும் எதை விட்டார்னு தெரியாதே, அத்தைகிட்ட கேட்டப்பதான் வயித்தைப் பிரட்டுதுன்னு மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரையை மட்டும் ஒதுக்கறார்னு வெளிய வந்துச்சு. அவர் என்னடான்னா லேப்ல தப்பா எடுத்துட்டான், வேற லேபுக்குப் போலாம்னு நிக்கறார்.