மே 31 ராத்திரி பன்னிரண்டு மணி வரை நான் யார்?

சாவிக்கொத்து:
நேற்று நம் ஓய்வூதியர் குழுவில் ஒரு பெரியவர் எழுதினார்: "ஜூன் மாதம் ஒரு நாள்கூட வேலை பார்க்காத மனுஷர் ஜூன் இன்கிரிமென்ட் கேட்டு ரிட் போட்டிருக்கிறார். பேராசைக்கும் ஓர் அளவு வேண்டாமா?" பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. அந்த மனுஷன் நான்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் வங்கியில் ஸ்கேல் டூ (இரண்டாம் நிலை அதிகாரி) மேனேஜர். ஸ்கேலின் உச்சியைத் தொட்டுப் பல வருஷம் ஆகிவிட்டதால் ஆண்டு இன்கிரிமென்ட் நின்றுபோய், மூன்று வருஷம் முடித்தால் ஒரு ஸ்டாக்னேஷன் இன்கிரிமென்ட் என்ற நிலையில் இருந்தேன். கடைசியாக வாங்கியது 2014 ஜூன் 1. அடுத்தது 2017 ஜூன் 1. ஓய்வு பெற்றது 2017 மே 31, புதன்கிழமை. மூன்று வருஷத்தில் ஒரு நாள் குறையவில்லை. "ஜூன் 1 அன்று தாங்கள் பணியில் இல்லை" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள்.

நானும் சும்மா இருந்தேன். 2023 ஏப்ரல் 11-ல் கர்நாடக மின் தொடரமைப்புக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலை பார்த்துச் சம்பாதித்த இன்கிரிமென்ட்டை, மறுநாள் பணியில் இல்லை என்ற காரணத்துக்காகப் பறிக்கக் கூடாது என்றது. அதற்குப் பிறகு மனு கொடுத்தேன், நிராகரித்தார்கள், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனேன். இதில் பேராசை எங்கே வந்தது?

பெர்சனல்செக்‌ஷன்:
எழுதியது நான்தான், ஒளிந்துகொள்ளவில்லை. 28 வருஷம் ஊழியர் விவகாரம் பார்க்கும் பெர்சனல் டிபார்ட்மென்ட்டில் இருந்தவன். 1979 அதிகாரிகள் பணி விதிமுறையில் ஐந்தாவது விதியைப் படித்துப் பாருங்கள் சார். இன்கிரிமென்ட் எந்த மாதத்தில் விழுகிறதோ அந்த மாதத்தின் முதல் நாள் வழங்கப்படும் என்கிறது. உங்களுக்கு விழுவது ஜூன். நீங்கள் போனது மே. உங்கள் ரிலீவிங் ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது? "மே 31 பணி நேர முடிவில் விடுவிக்கப்படுகிறார்." மாலை ஐந்து மணியோடு கதை முடிந்தது.

சாவிக்கொத்து:
மாலை ஐந்து மணியா? அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். மூன்று மணிக்கு மாலை போட்டார்கள், மிக்ஸரும் காபியும் கொடுத்தார்கள், நாலு பேர் பேசினார்கள். ஐந்தரைக்கு கேஷ் குளோஸ் பண்ணினால் ஐநூறு ரூபாய்க் கட்டு ஒன்றில் ஒரு நோட்டு குறைகிறது. மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு நானும் ஹெட் கேஷியரும் எல்லாக் கட்டையும் பிரித்து எண்ணினோம். அந்த நோட்டு மெஷினுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. ஸ்ட்ராங் ரூம் பூட்டி, சாவிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, என் சாவியை ஒப்படைத்தபோது இரவு 8.40. பதிவேட்டில் நேரம் எழுதியிருக்கிறது. ஐந்து மணிக்கே நான் வங்கி ஊழியன் இல்லை என்றால், வெளியாள் ஒருவன் மூன்றரை மணி நேரம் ஸ்ட்ராங் ரூம் சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்துகொண்டிருந்தான்? போலீஸில் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

நான் கேட்பது ஒன்றுதான். மே 31 ராத்திரி பன்னிரண்டு மணி வரை நான் யார்?

ஜூன்முப்பது:
வணக்கம். மத்திய அரசில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தச் சண்டையைத் தொடங்கி வைத்ததே எங்கள் ஆட்கள்தான். ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு எங்கள் எல்லோருக்கும் இன்கிரிமென்ட் தேதி ஜூலை 1 ஆகிவிட்டது. ஜூன் 30-ல் ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் ஒரு நாளில் கோட்டை விட்டோம். சுங்கத்துறை அதிகாரி ஒருவர் வழக்குப் போட்டு, 2017 செப்டம்பர் 15-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். நீங்கள் 2017-லேயே எழுந்திருக்க வேண்டும் சார். ஆறு வருஷம் என்ன தூக்கம்?

சாவிக்கொத்து:
தூக்கம் இல்லை ஐயா. அந்தத் தீர்ப்பு அவர் ஒருவருக்கு மட்டும்தான் என்று உங்கள் துறைகளே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. உங்கள் ஆட்கள் எத்தனை பேருக்கு அப்போது கொடுத்தார்கள்?

பெர்சனல்செக்‌ஷன்:
பேச்சை மாற்ற வேண்டாம். சாவி 8.40-க்கு ஒப்படைத்தது உங்கள் கேஷ் ஷார்ட் ஆனதால். அது உங்கள் நிர்வாகத் திறமைக்குச் சாட்சி, இன்கிரிமென்ட்டுக்குச் சாட்சி இல்லை. பணி நேர முடிவு என்றால் பணி நேர முடிவு.

சாவிக்கொத்து:
ஷார்ட் ஆகவில்லை, நோட்டு கிடைத்தது. ஒழுங்காகப் படித்துவிட்டு எழுதவும். மே மாதச் சம்பளம் எனக்கு 31 நாளுக்குக் கொடுத்தார்களா, முப்பதே முக்கால் நாளுக்கா?

கோர்ட்கட்டு:
ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருக்கிறேன், இரண்டு விஷயம் மட்டும். தாமதத்தால் வழக்கு சாகாது. சம்பள நிர்ணயம், பென்ஷன் இவற்றில் தவறு மாதா மாதம் தொடர்கிறது, நிலுவை மட்டும் மூன்று வருஷத்தோடு நிற்கும் என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த ஒரு நாள் இன்கிரிமென்ட் விவகாரத்தில் 2025 பிப்ரவரி 20 உத்தரவும் இருக்கிறது. 2023 மே 19-க்குப் பிறகு வழக்குப் போட்டவர்களுக்கு உயர்ந்த பென்ஷன் 2023 மே 1 முதல்தான்.
அப்புறம் ஒரு கேள்வி. அந்தத் தீர்ப்புகள் எல்லாம் ஆண்டு இன்கிரிமென்ட் பற்றியவை. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வரும் ஸ்டாக்னேஷன் இன்கிரிமென்ட் அந்த வரையறைக்குள் வருமா? வழக்கே அதில்தான் நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சாவிக்கொத்து:
நன்றி தம்பி. பார்த்தீர்களா, தாமதம் பிரச்சினை இல்லை என்று வக்கீல் ஆபீஸிலேயே சொல்கிறார்கள். இனி பன்னிரண்டு மணிக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பெர்சனல்செக்‌ஷன்:
2023 மே முதல்தான் என்றும் சொல்லியிருக்கிறார், அதைப் படிக்கவில்லையா? கண்ணைப் பாதி மூடிப் படிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. சரி, கணக்குக்கு வருவோம். ஸ்கேல் டூ-வில் அப்போதைய இன்கிரிமென்ட் 1,310 ரூபாய். நம் 1995 பென்ஷன் விதிமுறைப்படி பென்ஷன் என்பது கடைசிப் பத்து மாத சராசரியில் பாதி. உங்களுக்கு 2016 ஆகஸ்ட் முதல் 2017 மே வரை. ஜூன் இன்கிரிமென்ட் அதற்குள் வரவே வராது. போனால் போகிறது என்று ஒரு மாதத்துக்குச் சேர்த்தால்கூடச் சராசரி 131 ரூபாய் ஏறும். அதில் பாதி 65 ரூபாய் 50 காசு. கிராஜுவிட்டியும் ஏறாது, அப்போது சட்டப்படி உச்சவரம்பு 10 லட்சம், அதை நீங்கள் ஏற்கனவே தொட்டிருப்பீர்கள். 65 ரூபாய் 50 காசுக்கு மதுரைக்கும் ஊருக்கும் பஸ் பிடிக்கிறீர்களே, இதைத்தான் பேராசை என்றேன்.

ஜூன்முப்பது:
அடடா, உங்களுக்குச் சராசரி மட்டும்தானா? எங்களுக்குக் கடைசிச் சம்பளம் அல்லது பத்து மாத சராசரி, எது அதிகமோ அது. பாவம் வங்கிக்காரர்கள்.

சாவிக்கொத்து:
655 ரூபாய். 65.50 இல்லை. நோஷனலாக, அதாவது கணக்குக்கு மட்டும், இன்கிரிமென்ட்டைச் சேர்த்துப் பென்ஷனை நிர்ணயம் செய் என்றால் 1,310-இல் பாதிதான் சேரும். அதன் மேல் பஞ்சப்படி. பெர்சனல் டிபார்ட்மென்ட்டில் 28 வருஷம் இப்படித்தான் தசமப் புள்ளியைத் தள்ளி வைத்து மற்றவர்கள் சம்பளத்தைப் போட்டீர்களா? என் 1998 ஃபிட்மென்ட் (சம்பள நிர்ணயம்) ஏன் தப்பாக வந்தது என்பது இப்போதுதான் புரிகிறது.

பெர்சனல்செக்‌ஷன்:
65.50.

தோழர்66:
இரண்டு அதிகாரிகள் அடித்துக்கொள்வதைப் பார்க்க ஆனந்தமாக இருக்கிறது. 1966 அக்டோபர் 19-ல் வங்கிகளோடு முதல் இருதரப்பு ஊதிய ஒப்பந்தம் போட்ட காலத்திலிருந்து சங்கம் வாங்கிக் கொடுத்ததைத்தான் நீங்கள் இருவரும் சாப்பிட்டீர்கள். சாவிக்கொத்து சார், கிளார்க்காகச் சேர்ந்தபோது எங்கள் பக்கத்தில் நின்று கோஷம் போட்டவர்தானே நீங்கள்? பிரமோஷன் வந்த அன்றே சந்தாவை நிறுத்தினீர்கள். இன்றைக்கு கிளார்க்காகவே இருந்திருந்தால் சங்கம் உங்களுக்காக லேபர் கமிஷனரிடம் போயிருக்கும். அதிகாரி ஆகிவிட்டதால் சொந்தக் காசில் ரிட் போடுகிறீர்கள்.

சாவிக்கொத்து:
சந்தாவை நிறுத்தவில்லை தோழர், அதிகாரிகள் சங்கத்துக்கு மாற்றினேன். 1993-ல் பென்ஷன் ஒப்பந்தம் வந்தபோது "பென்ஷன் வேண்டாம், பி.எஃப்.பே போதும்" என்று கிளை கிளையாகப் போய்ப் பேசிய சங்கம் எது? அந்தப் பேச்சை நம்பி ஆப்ஷன் கொடுக்காதவர்கள் 2010-ல் இரண்டாவது வாய்ப்பு வந்தபோது என்ன பாடுபட்டார்கள்? ஓய்வு பெற்றிருந்தவர்கள் வங்கியின் பி.எஃப். பங்கோடு இன்னும் 56 சதவீதம் சேர்த்துக் கட்டினார்கள். என் அண்ணன் நகையை அடகு வைத்துக் கட்டினார். அந்த 56-க்கு உங்கள் கோஷம் பதில் சொல்லுமா?

தோழர்66:
அது எங்கள் சங்கம் இல்லை.

சாவிக்கொத்து:
எல்லோரும் இதையேதான் சொல்கிறீர்கள்.

தோழர்66:
இல்லை என்றால் இல்லை. அன்றைய சுற்றறிக்கை என்னிடம் இருக்கிறது. பரணில் இருக்கிறது, எடுத்துப் போடுகிறேன்.

கவுன்ட்டர்3:
பெரியவர்களே, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் 2012-ல் சேர்ந்தவன். 2010 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்தவர்களுக்கு என்.பி.எஸ். என்ற புதிய பென்ஷன் திட்டம் மட்டும்தான். நீங்கள் 65-ஆ 655-ஆ என்று சண்டை போடுகிறீர்கள், எங்களுக்கு அந்த வரியே கிடையாது. நேற்று ராத்திரி 9.15-க்குத்தான் கிளையை விட்டுக் கிளம்பினேன், எங்கள் மேனேஜர் இன்னும் உள்ளேதான் இருந்தார். பணி நேர முடிவு என்ற ஒன்று எப்போது வரும் என்று பெர்சனல்செக்‌ஷன் சார் சொன்னால் நன்றாக இருக்கும்.

பெர்சனல்செக்‌ஷன்:
தம்பி, உங்கள் வேதனை புரிகிறது, ஆனால் இது வேறு விஷயம். தனியாக ஒரு திரி தொடங்குங்கள்.

சாவிக்கொத்து:
வேறு விஷயம் இல்லை, இதே விஷயம்தான். இந்தப் பிள்ளை 9.15-க்கு வெளியே வருகிறார். அந்தக் கடைசி மூன்று மணி நேரம் அவர் வங்கிக்காரரா, வழிப்போக்கரா? கவுன்ட்டர்3 தம்பி, வாழ்த்துகள். நீங்கள் என் வழக்குக்குச் சாட்சி.

கவுன்ட்டர்3:
ஐயா, என்னைச் சாட்சியாகப் போட்டுவிடாதீர்கள். டிரான்ஸ்ஃபர் சீசன்.

பெர்சனல்செக்‌ஷன்:
சார், நேரடியாகக் கேட்கிறேன். ஜூன் 1 காலையில் நீங்கள் வேலை பார்த்தீர்களா இல்லையா? ஆம் அல்லது இல்லை.

சாவிக்கொத்து:
இன்கிரிமென்ட் முன்பணமா? முடித்த வேலைக்கா, செய்யப்போகும் வேலைக்கா? மூன்று வருஷ வேலைக்கு என்றால், அதை மே 31-ல் முடித்தாயிற்று. ஜூன் 1-ஆம் தேதி வெறும் கொடுக்கும் தேதி. வாடகைக்காரன் 31-ஆம் தேதி வீட்டைக் காலி செய்தால், ஒன்றாம் தேதி அவன் வீட்டில் இல்லை என்று சொல்லி அட்வான்ஸைத் தராமல் இருப்பீர்களா? இருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். உங்கள் மாடி போர்ஷன்காரர் சொன்னது ஞாபகம் வருகிறது.

பெர்சனல்செக்‌ஷன்:
என் வீட்டு விஷயத்தை இங்கே இழுப்பது அநாகரிகம். அவர் சுவரில் அடித்த ஆணிக்குத்தான் பிடித்தேன். மொத்தம் பதினான்கு ஆணி.

ஜூன்முப்பது:
பதினான்கு ஆணிக்கு எவ்வளவு பிடித்தீர்கள்?

கோர்ட்கட்டு:
ஸ்டாக்னேஷன் இன்கிரிமென்ட் ஆண்டு இன்கிரிமென்ட்டா என்று கேட்டிருந்தேன். வங்கியின் எதிர்மனுவில் அதுதான் முதல் பாயின்ட்டாக வரும். யாராவது விதிமுறையின் அந்தப் பகுதியை இங்கே போட்டால்...

தோழர்66:
சுற்றறிக்கை கிடைக்கவில்லை. கரையான் அரித்துவிட்டது. ஆனால் நான் சொன்னது சொன்னதுதான். அப்புறம் பெர்சனல்செக்‌ஷன் சாருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் 2000-இல் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) பணத்தை வாங்கிக்கொண்டு போனவர். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் சர்வீஸ் சேர்த்துக் கொடு என்று உங்கள் ஆட்கள்தான் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். வேலை பார்க்காத ஐந்து வருஷத்துக்குப் பென்ஷன் கேட்டவர்கள், வேலை பார்க்காத ஒரு நாளைக் கேட்பவரைப் பேராசைக்காரர் என்கிறார்கள்!

சாவிக்கொத்து:
தோழர், முதல் முறையாக உருப்படியாகப் பேசியிருக்கிறீர்கள். ஆனால் "வேலை பார்க்காத ஒரு நாள்" என்று எழுதியது தவறு. நான் கேட்பது வேலை பார்த்த மூன்று வருஷத்துக்கு.

பெர்சனல்செக்‌ஷன்:
அந்த ஐந்து வருஷ வெயிட்டேஜ் பென்ஷன் விதிமுறையிலேயே இருந்தது. 29-ஆம் விதி, ஐந்தாவது உட்பிரிவு. நாங்கள் விதியில் இருப்பதைக் கேட்டோம். சாவிக்கொத்து சார் கடிகாரத்தில் இருப்பதைக் கேட்கிறார். இதற்கு மேல் இந்தத் திரியில் நான் எழுதப் போவதில்லை.

சாவிக்கொத்து:
பதில் இல்லாதவர்கள் கடைசியில் இப்படித்தான் கிளம்புவார்கள். போகிற போக்கில் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். மே 31 இரவு பத்து மணிக்கு கிளையில் தீப்பிடித்திருந்தால், சாவி எங்கே என்று யாரைக் கேட்டிருப்பீர்கள்?

பெர்சனல்செக்‌ஷன்:
8.40-க்கே சாவியை ஒப்படைத்துவிட்டதாக நீங்கள்தானே எழுதினீர்கள்! பத்து மணிக்கு உங்களை ஏன் கேட்கப் போகிறோம்?

சாவிக்கொத்து:
சரி, எட்டு மணிக்குத் தீப்பிடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்சனல்செக்‌ஷன்:
முதலில் எத்தனை மணிக்குத் தீப்பிடித்தது என்று முடிவு பண்ணிவிட்டு வாருங்கள்.

ஜூன்முப்பது:
ஆணிக்கு எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை.

சாவிக்கொத்து:
இப்போது மணி 12.04. என் போனில் தேதி மாறிவிட்டது. மாலை ஐந்து மணிக்குப் பார்த்தேன், அப்போது மாறவில்லை. பெர்சனல் டிபார்ட்மென்ட் காலண்டரில் மட்டும் எப்படி மாறுகிறது?

பெர்சனல்செக்‌ஷன்:
65 ரூபாய் 50 காசு. போய்த் தூங்குங்கள்.