கூறுவழிச் சரிபார்ப்பு: அளவுக்கருவிச் சோதனைக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஒரு குவியலிலிருந்து சிலவற்றை மட்டும் சோதித்து முழுக்குவியலையும் ஏற்பதா மறுப்பதா என்று முடிவுசெய்யும் ‘அக்செப்டன்ஸ் சாம்பிளிங்’ முறைக்குத் தமிழ் கேட்டு இந்த இழை தொடங்கியது. இப்போது ஏற்பு மாதிரியெடுப்பு, பதமெடுப்பு, கூறாய்வு, தொகுதித் தேர்வு என்று சொற்கள் குவிந்து கிடக்கின்றன. எது அழகு என்று வாக்கெடுப்பதற்கு முன், இந்தச் சொல் எந்த வேலைக்குப் போகப்போகிறது என்று பார்த்துவிடலாம். வணிகத்தில் புழங்கும் அளவுக்கருவிகளுக்கு முத்திரை வைக்கும் இடத்தில் இது செல்லுபடியாக வேண்டும். பொதுப் புள்ளியியல் அகராதிக்கு மட்டும் என்றால் நான் இவ்வளவு வம்பு செய்யமாட்டேன்.

தண்ணீர் மீட்டரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு இரண்டரை கனமீட்டர் ஓட்டத்துக்கு உரிய, ஓட்ட விகிதம் 160 என்று குறிக்கப்பட்ட வீட்டு மீட்டர், அதில் 160இல் ஒரு பங்கான மணிக்கு 15.6 லிட்டர் என்ற சொட்டு ஓட்டத்திலும் ஒழுங்காக எண்ண வேண்டும். அந்தக் கீழ்மட்டத்தில் நூற்றுக்கு ஐந்து வரையும், ஓட்டம் உயர்ந்தபின் நூற்றுக்கு இரண்டு வரையும் பிழை பொறுத்துக்கொள்ளப்படும். சோதனை மேடையில் மீட்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் குழாயில் கோத்து, ஒரே நீரை எல்லாவற்றின் வழியாகவும் விடுவார்கள். கீழ்மட்ட ஓட்டத்தில் பத்து லிட்டர் கடக்கவே 38 நிமிடம் ஆகும். ஆயிரக்கணக்கில் மீட்டர் செய்பவர் ஒவ்வொன்றையும் இப்படி ஓட்டினால் மீட்டரின் விலையில் சோதனைக்கூலிதான் பெரும்பங்காகும்.

ஆகவே ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014/32 அளவுக்கருவி நெறியாணை, உற்பத்தியாளருக்கு இரண்டு வழி காட்டுகிறது. ஒவ்வொரு கருவியையும் சோதிக்கலாம்; அல்லது ஒரே சீராகச் செய்யப்பட்ட தொகுதியிலிருந்து சிலவற்றை எடுத்துச் சோதித்து முழுத்தொகுதிக்கும் தீர்ப்புச் சொல்லலாம். இரண்டாவது வழிக்கு இரண்டு கட்டுகள் உண்டு. நூற்றுக்கு 95 வாய்ப்போடு தேறும் தொகுதியில் தவறியவை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும். நூற்றுக்கு வெறும் 5 வாய்ப்போடு தேறிவிடக்கூடிய தொகுதியில்கூடத் தவறியவை நூற்றுக்கு ஏழைத் தொடக்கூடாது.

தொகுதி தேறிவிட்டால், சோதனையில் தவறிய உருப்படிகள் நீங்கலாக, அதிலுள்ள எல்லாக் கருவிகளும் ஏற்கப்பட்டவை. எவர் கையும் படாத, ஒரு சொட்டுத் தண்ணீரும் பாயாத மீட்டருக்கும் முத்திரை உண்டு. இதுதான் இந்த முறையின் உயிர்நாடி. ‘ஏற்பு மாதிரியெடுப்பு’ என்ற சொல் என்னை உறுத்துவதும் இங்கேதான். அது சிலவற்றை எடுக்கும் செயலோடு முடிந்துவிடுகிறது. நடப்பதோ முழுத்தொகுதியின் சரிபார்ப்பு. எடுப்பது அதற்கான வழி மட்டுமே.

மாதிரி என்ற சொல்லோடு எனக்கு வேறொரு வழக்கும் இருக்கிறது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டத்தில் 22ஆம் பிரிவு, தயாரிப்புக்கு முன் கருவியின் மாடலுக்கு ஒப்புதல் வாங்கச் சொல்கிறது. மாடலைத் தமிழில் மாதிரி என்றுதான் எழுதுகிறோம். சாம்பிளும் மாதிரியானால், ‘ஒப்புதல் பெற்ற மாதிரியின்படி செய்த தொகுதியிலிருந்து எடுத்த மாதிரி, மாதிரிக்கு மாறாக இருந்தால்’ என்று விதி எழுத வேண்டிவரும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது. மண் மாதிரி, இரத்த மாதிரி எல்லாம் அப்படியே இருக்கட்டும். அங்கே மாடலோடு மோதல் இல்லை, இங்கே இருக்கிறது.

பதமெடுப்பு என்று எழுதிய நண்பர் ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பதை ஆதாரம் காட்டினார். காதுக்கு இனிக்கிறது, கணக்குக்குப் பொருந்தவில்லை. பானையில் எல்லா அரிசியும் ஒரே நீரில் ஒரே நெருப்பில் வேகிறது. ஒன்றை நசுக்கினால் மற்றதும் தெரிந்துவிடும். மீட்டர்களில் நாம் தேடுவது, நல்லவற்றுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சில கெட்டவற்றை. ஒன்றை எடுத்துப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

எத்தனை எடுத்தால் சொல்ல முடியும்? தொகுதி பெரியது என்று வைத்துக்கொண்டு நானே கணக்கிட்டுப் பார்த்தேன். நாற்பத்திரண்டை எடுத்து, ஒன்றுகூடத் தவறக்கூடாது என்று விதித்தால், நூற்றுக்கு ஏழு கெட்ட தொகுதி தப்பிக்கும் வாய்ப்பு 4.7 விழுக்காடு. நெறியாணை கேட்டது நிறைவேறிவிட்டது. ஆனால் நூற்றுக்கு ஒன்று மட்டுமே கெட்ட, நல்ல தொகுதியும் இந்தச் சோதனையில் மூன்றில் ஒரு முறை தோற்றுவிடும். அதே இடத்தில் எண்பத்தெட்டை எடுத்து, இரண்டு வரை தவறலாம் என்று விட்டால், கெட்ட தொகுதி தப்புவது 4.9 விழுக்காடு, நல்ல தொகுதி தேறுவது 94 விழுக்காடு. ‘ஒன்றுகூடத் தவறக்கூடாது’ என்பது கேட்பதற்குக் கண்டிப்பாகத் தெரிகிறது. அந்தக் கண்டிப்பின் பாரம் நேர்மையாகச் செய்தவர் தலையில்தான் விழுகிறது. வாங்குபவருக்குக் கிடைக்கும் காப்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

நல்ல தொகுதி தோற்பது, கெட்ட தொகுதி தப்புவது என்ற இந்த இரண்டு ஆபத்துகளையும் முறையே ஆக்குநர் இடர், நுகர்வோர் இடர் என்று எழுதலாம். இதில் யாருக்கும் மறுப்பு இருந்ததாகத் தெரியவில்லை. எத்தனை தவறலாம் என்ற அந்த எண்ணுக்கு ‘ஏற்பெண்’ போதும். வாசிக்கும்போது ‘பெண்’ என்று துருத்துகிறது என்று ஒருவர் குறைபட்டார். மதிப்பெண் நெடுங்காலமாகத் துருத்தாமல்தானே இருக்கிறது?

இனி, சாம்பிளுக்கு நான் பரிந்துரைக்கும் சொல்: கூறு. தமிழ்நாட்டுப் புள்ளியியல் பாடநூல்களுக்குக் கூறு, கூறெடுத்தல் என்பவை பழகிய சொற்கள். சந்தையில் கூறு என்றால் கத்தரிக்காயைக் குவித்துவைத்து எடைபோடாமல் விற்பது, எடையளவுத் துறைக்கு அந்தச் சொல்லா என்று மதுரைக்காரர் கேட்டது ரசிக்கத்தக்க கேள்வி. ஆனாலும் முழுமையிலிருந்து பிரித்துவைத்த ஒரு பங்கு என்பதே அங்கும் பொருள். நமக்கு வேண்டியதும் அதுதான். கூறாய்வு என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள். உடற்கூறாய்வு நாளிதழில் தினமும் வருகிறது. மீட்டர்களைப் பிணவறைக்கு அனுப்பியதுபோல் ஆகிவிடும்.

சோதனைக்கு வரும் குவியலைத் தொகுதி என்பதா, ஈடு என்பதா என்ற விவாதத்தில் நான் இருவர் பக்கமும் நிற்கிறேன். ஓர் ஈடு இட்லி என்று வீட்டில் சொல்வது ஒரு தடவையில் சேர்ந்து வெந்ததை. ஆலையில் ஒரே ஓட்டத்தில், ஒரே அச்சில், ஒரே மூலப்பொருளில் வெளிவருவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனால் ஆய்வுக்கு முன்வைக்கப்படும் குவியல் வேறு. மூன்று ஈடுகளை ஒன்றாக அடுக்கி ஆய்வுக்குக் கொண்டுவர ஓர் ஆலை முயலலாம். இரண்டு ஈடு நன்றாகவும் ஒன்று மோசமாகவும் இருந்தால், கலந்த குவியலில் மோசமானது கரைந்துபோகும். நெறியாணை சீர்மையை வலியுறுத்துவது இந்தத் தந்திரத்தை அடைக்கத்தான். ஆகவே உற்பத்தியில் ஈடு, ஆய்வில் தொகுதி என்று இரண்டையும் வைத்துக்கொள்வோம். ‘ஒரு தொகுதியில் ஓர் ஈட்டுக்கு மேல் கலக்கக்கூடாது’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள், ஒரே வரியில் விதி முடிந்துவிடுகிறது.

பொட்டலப் பொருள்களின் நிகர எடைச் சோதனையையும் இதே தலைப்பில் சேர்க்கலாம் என்ற யோசனைக்கு என் வாக்கு இல்லை. பன்னாட்டுச் சட்டமுறை அளவியல் அமைப்பின் 87ஆம் பரிந்துரை, தொகுதியின் அளவுக்கேற்ப 50, 80, 125 பொட்டலங்கள் எடுக்கச் சொல்கிறது. அங்கே தனிப்பொட்டலத்தோடு சராசரியும் கணக்கில் வரும். ஒன்றில் குறைந்தது இன்னொன்றில் கூடலாம். மீட்டருக்குச் சராசரி கிடையாது. மிகையாக எண்ணும் மீட்டர் ஒரே வீட்டுச் சுவரில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். அடுத்த தெருவில் குறைவாக எண்ணும் மீட்டரால் இந்த வீட்டுக்காரருக்கு என்ன ஆறுதல்? தனி உள்ளீடாகவே போடுங்கள்.

‘அக்செப்டபிள் குவாலிட்டி லெவல்’ என்பதற்கு ‘ஏற்கத்தக்க தரமட்டம்’ என்று முன்பு இட்டதை நீக்கிவிடலாம். மூல ஆங்கிலத்திலேயே அந்தப் பெயர் குழப்பம் செய்தது. நூற்றுக்கு ஒன்று கெட்டது அனுப்ப அனுமதி இருக்கிறது என்று உற்பத்தியாளர்கள் படித்துக்கொண்டார்கள். கூறெடுத்துச் சோதிப்பதற்கான பன்னாட்டுத் தர ஆவணமான ஐஎஸ்ஓ 2859 முதற்பகுதியின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை ‘ஏற்புக்கான தர வரம்பு’ என்ற பொருள்படத் திருத்தினார்கள். நாம் நேராகத் திருத்தியதற்கே போய்விடலாம்: ஏற்பு வரம்பு.

‘ரேண்டம்’ என்பதற்கு நாங்கள் சமவாய்ப்பு என்கிறோம், யாழ்ப்பாணத்து ஐயா எழுமாற்று என்கிறார். இரண்டையும் சாய்கோடிட்டுத் தருவோம். உற்பத்தியாளர் மேல்பெட்டியிலிருந்து நீட்டியதை வாங்கிக்கொள்வது இரண்டுமே இல்லை என்பதில் கடலின் இருகரையும் ஒத்துப்போகும்.

உள்ளீட்டுக்கு நான் எழுதியிருக்கும் வரைவு இது: ‘கூறுவழிச் சரிபார்ப்பு – ஒரு தொகுதியிலிருந்து சமவாய்ப்பு / எழுமாற்று முறையில் எடுத்த கூற்றைச் சோதித்து, தவறியவற்றின் எண்ணிக்கையை ஏற்பெண்ணோடு ஒப்பிட்டு, முழுத்தொகுதியையும் ஏற்பது அல்லது மறுப்பது.’ ‘கூற்றை’ என்னும்போது எமன் எட்டிப்பார்க்கிறார் என்பது தெரிகிறது. ‘கூறினை’ என்று மாற்றினால் சரியாகிவிடுமா என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லவேண்டும். தொகுதிகள் அடிக்கடி தோற்கும்போது கடுமையாக்கப்படும் ஆய்வுக்கு இன்னும் சொல் அமையவில்லை. இறுக்காய்வு என்று ஒருவர் முன்மொழிந்தார். எனக்கு ‘கடுநிலை ஆய்வு’ சற்று மேல் என்று படுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் மேலே உள்ள வரைவையும் இந்தச் சொல்லையும் தொகுப்பாளருக்கு அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
கோவையிலிருந்து