தெற்கு வீதி சொந்தங்கள் குழு: தரங்கம்பாடிக்கு நாயோட

வெள்ளி

பிரியா, இரவு 8:14
ஜனவரி கடைசி வாரம் சனி ஞாயிறு நான், அவர், புரூனோ மூணு பேரும் கார்ல கிளம்பறோம். மாமல்லபுரம், செஞ்சி, கங்கைகொண்ட சோழபுரம் இதுல எது நாயோட சுத்த வசதி? புரூனோ லேப்ரடார், 4 வயசு, 28 கிலோ.

செல்வம் மாமா, 8:21
மூணுமே வேண்டாம்மா. மூணும் மத்திய தொல்லியல் துறை கையில. 1959 விதிகள்ல 8ஆம் விதி பாரு. பராமரிப்பு வேலைக்குத் தவிர வேற எதுக்கும் சின்னத்துக்குள்ள விலங்கைக் கொண்டுவரக் கூடாது. வாசல்ல இருக்கறவர் மனசு இரங்குவார்னு நம்பிப் போகாதே. அவர் விட்டா வம்பு அவருக்குத்தான்.

கார்த்தி, 8:23
அர்ச்சுனன் தபசு ரோட்டோரம்தானே மாமா?

செல்வம் மாமா, 8:27
ஆமா, அது ஒண்ணு தப்பிச்சது. தெருவுல நின்னபடியே முழுப் பாறையும் தெரியும், தவம் பண்ற பூனை வரைக்கும். ஆனா கடற்கரைக் கோயிலை வேலிக்கு வெளியே நின்னு எட்டிப் பார்க்கறதுக்கா இவ்வளவு தூரம்? நாயோட போறவங்க கோயில் ஊரைத் தேடக் கூடாது, வீதி ஊரைத் தேடணும். தரங்கம்பாடி போ.

பிரியா, 8:28
அங்கயும் கோட்டை இருக்கே மாமா?

செல்வம் மாமா, 8:40
இருக்கு. 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் கிட்ட இடம் வாங்கி டேனிஷ்காரங்க கட்டின டேன்ஸ்போர்க். உள்ள அருங்காட்சியகம், அதுக்குள்ள புரூனோ வராது. ஆனா கோட்டை அங்க பாக்கறதுல பாதி கூட இல்லை. மேற்கே நகர வாயில் (இப்ப நிக்கறது 1792ல கட்டினது). அங்கிருந்து கடல் வரைக்கும் ராஜா வீதி ஒரே நேர்கோடு. அந்த வீதியிலேயே 1701ல கட்டின சீயோன் கோயில், 1718ல கட்டின புது எருசலேம் கோயில், பழைய டேனிஷ் வீடுங்க எல்லாம் இருக்கு. கடைசியில கடலைப் பார்த்த மைதானம், ஆளுநர் பங்களா, ஒரு பக்கம் கோட்டை. எல்லாத்தோட முகப்பும் தெருவுல நின்னே தெரியும். நாய்க்கு டிக்கெட் வேண்டாம்.

செல்வம் மாமா, 8:43
ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706ல வந்து இறங்கின கரை அது. தமிழ்ல புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு முடிச்சது 1715ல, அதே ஊர்ல. அவர் கல்லறை புது எருசலேம் கோயிலுக்குள்ள. அதை மட்டும் ஒருத்தர் வெளிய நாயைப் பிடிச்சுக்க, ஒருத்தர் உள்ள போய்ப் பாருங்க. கோட்டைக்கும் அதே முறைதான். ஆளுக்கு அரை மணி. வெளிய நிக்கறவருக்கு நிழல் எங்கன்னு முதல்ல பார்த்துட்டு அப்புறம் டிக்கெட் வாங்குங்க.

ராஜி அத்தை, 8:50
ஞாயித்துக்கிழமை காலைல ஆராதனைக்கு ஜனம் வரும். அந்த நேரத்துல கோயில் வாசல்ல நாயோட நிக்காதீங்க. சனிக்கிழமை சாயங்காலமே வீதியைப் பார்த்துடு, ஞாயிறு விடியக்காலைல கடற்கரை.

செல்வம் மாமா, 8:52
ராஜி சொல்றது சரி. கடலோரம் வடக்கே நடந்தா மாசிலாமணி நாதர் கோயில், 1306ல மாறவர்ம குலசேகர பாண்டியன் காலத்துது. முன்பக்கத்தைக் கடல் தின்னுடுச்சு. விடியும்போது வெளிய இருந்து பார்க்கறதுதான் அதுக்கு அழகே.

கலா சித்தி, 9:15
இப்பதான் கிளினிக் முடிஞ்சுது. பிரியா, லேப்னா முதல் பயம் வெயில். ஜனவரிதானேன்னு நினைக்காதே. காலை 6:30லிருந்து 8:30, சாயங்காலம் 5க்கு மேல. நடுவுல ரூம். தார் ரோட்டுல புறங்கையை வெச்சு ஏழு எண்ணு. கை தாங்கலைன்னா பாதமும் தாங்காது. மணலும் அப்படித்தான், வெயில் ஏறினா கொதிக்கும்.

கலா சித்தி, 9:19
தண்ணி: சாதாரண நாள்லயே கிலோவுக்கு 50லிருந்து 60 மில்லி. 28 கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் வந்துடும். நடக்கிற நாள்ல ரெண்டரை லிட்டர் தனியா எடுத்து வை. பத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா குடு. ஒரே மூச்சுல ஒரு லிட்டர் குடிச்சா அப்படியே வாந்திதான்.

பிரியா, 9:20
சூடு ஏறிடுச்சுன்னு எப்படித் தெரியும் சித்தி? அது எப்பவுமே நாக்கைத் தொங்கப் போட்டுட்டுத்தான் இருக்கும்.

கலா சித்தி, 9:31
நாக்கைப் பாக்காதே, ஈறைப் பாரு. உதட்டைத் தூக்கி ஈறை விரலால அமுக்கி விடு. வெளுத்து ரெண்டு செகண்டுக்குள்ள ரோஸ் நிறம் திரும்பணும். ஈறு செங்கல் நிறமா இருந்தாலோ, எச்சில் பசை மாதிரி நூல் விட்டாலோ, நடை தள்ளாடினாலோ அங்கயே நிறுத்து. நிழல், சாதாரண குழாய்த் தண்ணியை உடம்பு முழுக்க ஊத்து, விசிறு. வயிறு, தொடை இடுக்கு, அக்குள் விடாதே. ஈரத்துண்டைப் போர்த்தி வைக்காதே, கொஞ்ச நேரத்துல துண்டே சூடாகி உள்ள இருக்கிற அனலை வெளிய விடாது. நாய்க்கு இயல்பான சூடு 101லிருந்து 102.5 டிகிரி. தெர்மாமீட்டர் கையில இருந்தா சூடு 103க்கு இறங்கினதும் தண்ணி ஊத்தறதை நிறுத்திட்டு டாக்டர் கிட்ட ஓடு. தேறிட்ட மாதிரி இருந்தாலும் காட்டணும், கிட்னி அடி வாங்கறது மறுநாள்தான் தெரியும்.

ராஜி அத்தை, 9:33
படிக்கவே பயமா இருக்கு 😟

கலா சித்தி, 9:34
பயப்படத்தான் எழுதினேன் அண்ணி.

சனி

கார்த்தி, காலை 7:05
பிரியாக்கா, ரூட்: சென்னையிலிருந்து ஈசிஆர்ல புதுச்சேரி, அப்புறம் கடலூர், சிதம்பரம், சீர்காழி, என்.எச். 32ஐ விடாம பிடிச்சா தரங்கம்பாடி. சுமார் 280 கிமீ. நாயோட போனா நிறுத்தி நிறுத்தி ஏழு மணி நேரம் வை. ரெண்டு மணிக்கு ஒரு தடவை இறக்கு. இறக்கறதுக்கு முன்னாடி கயிறு மாட்டின பிறகு கதவைத் திற. ஹைவேல நாய் தொலையறது பெரும்பாலும் அந்த ஒரு செகண்ட்லதான்.

கார்த்தி, 7:08
பின் சீட்டுல ஹார்னஸை (மார்புப் பட்டை) சீட் பெல்ட்டோட கோத்துடு. கழுத்துப் பட்டையில கோக்காதே, பிரேக் போட்டா கழுத்து போகும். கிளம்பறதுக்கு 3 மணி நேரம் முன்னாடியே சாப்பாட்டை முடிச்சுடு. டீக்கடையில நிறுத்தினா யாராவது ஒருத்தர் ஏசியோட உள்ளயே இருங்க. வெளிய 35 டிகிரி இருந்தா பூட்டின கார்ல அரை மணியில 50ஐத் தாண்டும். கண்ணாடியை ரெண்டு இஞ்ச் இறக்கி விட்டாலும் அதே கதைதான்.

பிரியா, 7:30
அவருக்கு லீவு கிடைக்கலைன்னா ரயில்ல மயிலாடுதுறை வந்துடலாமா?

கார்த்தி, 7:41
நாயைக் கூடவே வெச்சுக்க முதல் வகுப்பு ஏசி மட்டும்தான். ரெண்டு பேர் கூபேயோ நாலு பேர் கேபினோ முழுசா உங்க பேர்லயே இருக்கணும். தேர்ட் ஏசி, ஸ்லீப்பர்ல கிடையாது. சிக்கல் என்னன்னா கூபே கிடைச்சுதா இல்லையான்னு சார்ட் போடும்போதுதான் தெரியும். கிடைச்சாலும் பார்சல் ஆபீஸ்ல தடுப்பூசி கார்டு காட்டி நாய்க்குத் தனியா பதியணும். இல்லைன்னா சாமான் ஏத்தற பிரேக் வேன்ல நாய்ப்பெட்டி. அந்தச் சத்தத்துலயும் சூட்டுலயும் லேபைப் போடறது பாவம். லீவு கிடைக்கலைன்னா தேதியை மாத்து.

ராஜி அத்தை, 8:02
காணும் பொங்கல் வாரத்துக்கு மட்டும் மாத்திடாதே. கடற்கரையில கால் வைக்க இடம் இருக்காது.

பிரியா, 8:10
அதிகம் பயமே தெருநாய்ங்கதான். புரூனோ குரைச்சா ஊரே கூடிடும்.

கார்த்தி, 8:26
இதுக்குக் குடைதான் மருந்து, கம்பு இல்லை. பட்டனை அமுக்கினா டப்னு விரியற குடை. எதிர்ல வர்ற நாய்ங்களுக்கும் புரூனோவுக்கும் நடுவுல தரையை ஒட்டி விரி. பாதி அங்கயே நின்னுடும், புரூனோவுக்கும் அதுங்க முகம் தெரியாது. ஆனா வீட்டுல ஒரு வாரம் குடையை விரிச்சு விரிச்சு பழக்கணும், ஒவ்வொரு தடவையும் ஒரு பிஸ்கட். பழக்காம போனா முதல்ல மிரண்டு ஓடறது புரூனோதான்.

கார்த்தி, 8:31
அப்புறம் ஓடாதே. முதுகைக் காட்டாம பக்கவாட்டுல நகரு. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கூட்டம், அதுங்க எல்லை முடிஞ்சா தானா நின்னுடும். பிஸ்கட் வீசாதே, அஞ்சு நாய் பதினஞ்சாகும், பிஸ்கட்டுக்கே சண்டை வரும். இழுக்க இழுக்க நீளற கயிறு வேண்டாம். ஆறடி சாதாரண நைலான் கயிறு, கையில ஒரு சுத்து. ஹார்னஸுக்கும் உடம்புக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும். மூணு விரல் போனா பின்னாடி இழுத்து உருவிடும்.

கலா சித்தி, 9:10
கடி பட்டா, அது சின்னக் கீறலா இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும். நாய்க்கும் சரி, உங்களுக்கும் சரி. அப்புறம் அன்னிக்கே ஊசி. புரூனோவோட ரேபிஸ் பூஸ்டர் தேதி எப்போ? கார்டைப் படம் எடுத்து அனுப்பு.

பிரியா, 9:14
📷 படம்

கலா சித்தி, 9:16
பிப்ரவரில முடியுது. போறதுக்கு முன்னாடியே போட்டுடலாம், ஆனா கிளம்பற வாரத்துல போடாதே. ரெண்டு வாரம் முன்னாடி கூட்டிட்டு வா. உண்ணி மாத்திரையும் அன்னிக்கே. திரும்பி வந்ததும் காது மடிப்பு, விரல் இடுக்கு, வால் அடி மூணையும் விரலால தடவிப் பாரு. உண்ணிக் காய்ச்சல் 8லிருந்து 20 நாள் கழிச்சுத்தான் வெளிய தெரியும். சாப்பாட்டை வேண்டாம்னு சொன்னா, லேப் சாப்பாட்டை வேண்டாம்னு சொன்னா, அடுத்த நாளே ரத்தப் பரிசோதனை.

செல்வம் மாமா, 9:40
கடற்கரை மீனவர்கள் புழங்கற இடம்மா. வலை காயும், கருவாடு காயும். கயிறைக் கழட்டி விட்டுடாதே. ஒரு பாய் கருவாட்டுல மூஞ்சியை வெச்சா அது ஒரு குடும்பத்தோட காசு.

கலா சித்தி, 9:47
அதோட கருவாட்டு உப்பு நாய்க்கு ஆகாது. கரையில இன்னும் மூணு இருக்கு. வலையிலிருந்து எடுத்து வீசின பேத்தை மீன், உப்பிப் போய்க் கிடக்கும், அது விஷம். செத்துக் கிடந்தாலும் விஷம். கெளுத்தி முள், பாதத்துல ஏறினா உள்ளயே ஒடியும். சொறி, கண்ணாடிக் கூழ் மாதிரி கிடக்கும், மூக்கை வெச்சா மூஞ்சி வீங்கும். "விடு"ன்னா விடற பழக்கம் இல்லாத நாய்க்கு வலைக்கூண்டு மாதிரி இருக்கிற வாய்ப்பூட்டு மாட்டலாம், மூச்சு வாங்க முடியும், தண்ணியும் குடிக்கலாம். துணி வாய்ப்பூட்டு மாட்டாதே, வாயைத் திறக்க முடியலைன்னா சூடு எப்படி இறங்கும்?

கலா சித்தி, 9:50
கடல் தண்ணி குடிக்க விடாதே, வாந்தி பேதி நிச்சயம். நனைஞ்சா நல்ல தண்ணியில கழுவி விரல் இடுக்கைத் துடை. பழைய வீடுங்க பக்கம் சீமைக்கருவேல முள், நெருஞ்சி ரெண்டும் இருக்கும். நொண்டினா பாதத்தை விரிச்சு டார்ச் அடிச்சுப் பாரு. ட்வீசர் எடுத்துக்கோ.

ராஜி அத்தை, 10:20
காலைல எல்லா வாசல்லயும் கோலம் இருக்கும். நாயை நடுத்தெருவுல நடத்து. தூண்ல, திண்ணையில காலைத் தூக்க விடாதே. நம்ம ஊர் பேரு கெடும்.

செல்வம் மாமா, 10:28
பேரு மட்டும் இல்லை, சுவரும் கெடும். அதெல்லாம் சுண்ணாம்புக் காரை. மூத்திரத்துல இருக்கிற உப்பு உள்ள இறங்கிக் காயக் காயப் பொரிஞ்சு உதிரும். 2004 சுனாமிக்கு அப்புறம் பாடுபட்டு சரி பண்ணின வீடுங்க. வீதிக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே, நகர வாயிலுக்கு வெளியவே, மண் தரையில எல்லா வேலையையும் முடிக்க வை.

பிரியா, 10:31
கக்கா அள்ளறதுக்குப் பை ஆன்லைன்ல வாங்கிடறேன்.

ராஜி அத்தை, 10:35
எதுக்குக் காசு? கழுவிக் காயவெச்ச பால் கவர் போதும். மேல் பக்கம் முழுசா வெட்டிக் கையில உறை மாதிரி மாட்டிக்கோ, அள்ளி, உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி உருவி முடிச்சுப் போடு. அரை லிட்டர் கவர் உன் கைக்கே போகாது, ஒரு லிட்டர் கவரா எடு.

கார்த்தி, 10:36
அத்தை 🙏

கார்த்தி, 10:44
தங்கற இடம்: "நாய் ஓகேவா"ன்னு கேட்டா எல்லாரும் ஓகேன்னுதான் சொல்வாங்க. இப்படிக் கேளு: 28 கிலோ நாய், ரூமுக்குள்ளயே தூங்கலாமா, இல்லை வெளிய கட்டணுமா? அவங்ககிட்ட நாய் இருக்கா? ராத்திரி கேட் பூட்டுவாங்களா? கூடுதல் காசு எவ்வளவு? பதிலை மெசேஜ்ல வாங்கி வை. போன்ல பேசினவர் ஒருத்தர், நீ போற அன்னிக்கு சாவி குடுக்கறவர் இன்னொருத்தர்.

ராஜி அத்தை, 10:50
வழியில சாம்பார் சாதம் போட்டுடாதே.

கலா சித்தி, 10:52
ஆமா, வெங்காயம் நாயோட ரத்தச் சிவப்பணுவை உடைச்சுடும், சின்ன வெங்காயமும்தான். தயிர் சாதம், உப்பில்லாம. இல்லைன்னா வீட்டுல போடற அதே தீனியைப் பொட்டலம் கட்டிக்கோ. ஊர் மாறும்போது சாப்பாட்டையும் மாத்தாதே.

செல்வம் மாமா, 11:15
நாயைக் கூட்டிட்டுப் போக நியாயமான இடம் இன்னொண்ணு இருக்கு. திருவண்ணாமலை மாவட்டத்துல எடுத்தனூர் நடுகல். மகேந்திரவர்மனோட 34ஆம் ஆட்சியாண்டு. எருமையைக் காக்கப் போராடி கருந்தேவகத்தின்னு ஒருத்தன் செத்துட்டான், அவனுக்கு வெச்ச கல். கூடவே அவன் நாயும் செதுக்கியிருக்கு. ரெண்டு கள்ளனைக் கடிச்சுக் காவல் நின்னுச்சாம். அதோட பேரையும் கல்லுல வெட்டியிருக்காங்க: கோவிவன்.

பிரியா, 11:17
1400 வருஷமா ஒரு நாய் பேரு நிக்குதா மாமா!

செல்வம் மாமா, 11:19
அந்தப் பக்கம் கோடையில போகாதே. அடுத்த டிசம்பர் கடைசில பாத்துக்கலாம். இப்ப தரங்கம்பாடி.

கார்த்தி, 11:25
அக்கா, குடைப் பயிற்சியை இன்னிக்கே ஆரம்பி. முதல் நாள் மூடின குடையைத் தரையில வெச்சு மோந்து பார்க்க விடு, அவ்வளவுதான். ரெண்டாம் நாள் பத்தடி தள்ளி நின்னு பாதி விரி. டப் சத்தம் நாலாம் நாளுக்கு மேலதான்.

பிரியா, 11:58
முதல் நாள் பாடத்துலயே குடைக் கைப்பிடியைக் கடிச்சுட்டான்.

ராஜி அத்தை, 12:06
ஒரு லிட்டர் கவர் எட்டு சேர்ந்திருக்கு. இன்னும் ஒரு வாரம் விடு, பதினஞ்சு ஆகிடும். வந்து வாங்கிட்டுப் போ.