கத்தரித் தோட்டத்து வரப்பில் தும்பையை வளர்க்கலாமா?

வரப்போரம்:
தும்பையைக் களையென்று பிடுங்காமல் வரப்பில் விடவேண்டும், இல்லாத இடத்தில் விதைத்தாவது வளர்க்கவேண்டும் என்பது என் கருத்து. கத்தரிப் பூவில் மகரந்தம் உண்டு, தேன் கிடையாது. அதை மட்டும் நம்பி எந்தத் தேனீயும் பிழைக்க முடியாது.

செம்மண்காரன்:
கத்தரி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் பயிர், ஐயா. காற்று அசைத்தாலே காய் பிடிக்கும்போது, தும்பைக்கு இடம் கொடுத்து விதையை உதிரவிட்டால், அடுத்த மழைக்குப் பாத்தியெங்கும் முளைப்பதற்கான களைக்கூலியை யார் தருவது?

வரப்போரம்:
காற்றில் காய் பிடிக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால், கத்தரியின் மகரந்தப்பை நுனித்துளை வழியாக மட்டுமே மகரந்தத்தை விடுவதால், நீலப்பட்டைத் தேனீ போன்றவை பூவைப் பற்றிக்கொண்டு, பறக்கும் தசைகளை அதிரவைத்து அதை உதிர்க்கும்போது சூல்முடியில் நன்றாகவே படிகிறது. அதே தேனீ தேனுக்குத் தும்பையை நாடி, கீழுதட்டில் அமர்ந்து குழாய்க்குள் நாக்கை நீட்டுகையில், மயிரடர்ந்த மேலுதட்டுக்குள் இருக்கும் மகரந்தம் அதன் தலையில் ஒட்டிக்கொள்கிறது. மண்ணில் வளை தோண்டி வாழும் இதற்கு, உழாத வரப்பே வீடாகவும் அமையும். நம் மண்ணின் செடியைப் பிடுங்கிவிட்டு, அமெரிக்க உண்ணிச்செடியை நர்சரியில் காசு கொடுத்து வாங்குவோரை என்ன சொல்வது!

மாடித்தோட்டம்:
காயைக் குடையும் காய்த்துளைப்பான் புழுவுக்குப் பூச்சிமருந்தடிப்பவர் தும்பை வளர்ப்பது, விருந்துக்கு அழைத்து இலையில் நஞ்சைப் பரிமாறுவதற்குச் சமம். முதலில் அதைப் பேசுங்கள்.

வரப்போரம்:
உண்மைதான். தாக்கிய நுனித்தண்டையும் சொத்தைக் காயையும் கிள்ளி அழித்து, ஆண் அந்துப்பூச்சியைப் பெண்ணின் மணத்தால் ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பவர்களுக்கே என் யோசனை பொருந்தும். விதைப்போர் பருவமழைக்கு முன், பொடி விதையை மணலோடு கலந்து மேலாகத் தூவினால் போதும். ஆழப் புதைக்கக் கூடாது.

செம்மண்காரன்:
பூத்ததும், விதை முற்றும் முன் அறுத்துவிடுவதாக இருந்தால் எனக்கு மறுப்பில்லை.

வரப்போரம்:
ஓராண்டுச் செடியை விதைக்கு முன் அறுத்தால், அடுத்த ஆண்டு எதிலிருந்து முளைக்கும்? மேட்டுப்பக்கம் உதிரும் விதையை மழைநீர் பாத்திக்குள் இழுத்து வரும் என்பதால், பள்ளப்பக்க வரப்பில் மட்டும் முற்றவிடுங்கள்.

செம்மண்காரன்:
பள்ளப்பக்கம் என்றால் சம்மதம். பாத்திக்குள் ஒன்று தலைகாட்டினாலும், இரண்டிலைப் பருவத்திலேயே பிடுங்குவேன். அதற்கு நீங்கள் வருத்தப்படக் கூடாது.